'அண்டு சன்ஸ்' புராணம்

கும்மிடிப்பூண்டி ரயிலடியில் இறங்கி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போகிற தோழர்கள், அடுத்த தடவை போகும்போது ஒரு காரியம் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றேன். பெரிய காரியமொன்றுமில்லை, வழியிலிருக்கிற பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். இரும்பு உருக்குகிறவர்கள், கம்பி இழுக்கிறவர்கள், லேத்துப் பட்டறைக்காரர்கள், பழைய இரும்பை எடைக்கு வாங்கி விற்கிறவர்கள், லாரி வைத்திருப்பவர்கள் ஆகிய எல்லோருடைய பலகையும் அங்கே உண்டு. 'இன்னார் அண்டு சன்ஸ்' என்று ஒன்று. 'இன்னார் பிரதர்ஸ்' என்று ஒன்று. 'இன்னார் அண்டு கோ' என்று ஒன்று. 'இன்னார் அண்டு டாட்டர்ஸ்' என்று ஒரு பலகை கண்ணில் பட்டால் தயவு செய்து நமது பத்திரிகைக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். நான் காக்களூர்ப் பேட்டைக்கும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் கும்மிடிப்பூண்டிக்குமாக இருபது வருஷ காலமாய் அலைகிறவன். எனக்கு இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை.

இதனால் பெண் பெயரே பலகையில் கிடையாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாராளமாய் இருக்கிறது. லட்சுமி இருக்கிறாள்; அம்மன்கள் இருக்கிறார்கள்; மகள் பெயர் ராசியான பெயர் என்று ஜோசியன் சொன்னதன் மேல் அந்தப் பெயரையே பட்டறைக்கு வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே போய்ப் பங்குப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், பலகையிலிருந்த பெண்ணை அங்கே காணோம்! பணத்துக்குத் தெய்வம் பெண்ணாம். பணத்துக்கு உடையவன் மட்டும் ஆணாம். படிப்புக்கு ஒரு பெண்தெய்வத்தை வைத்துக் கும்பிட்டுக்கொண்டே வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்திருந்த அதே சாமர்த்தியம்தான் இது. வேறு புதுச் சரக்கு ஒன்றும் இல்லை.

இந்தப் பலகை விஷயத்தை இப்போது எழுதத் தூண்டியது ஒரு நாவல். நாவல் படிப்பது வேலையற்றவர்கள் காரியம் என்று வெகுகாலம் நினைத்திருந்தவன் நான். எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இங்கிலீஷை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டித் தடவிக் கற்றவன். ஆன போதிலும் நண்பர் ஒருவர் கொடுத்த ஒரு தடித்த புத்தகத்தை மூன்று மாதமாய் மல்லுக்கட்டிப் படித்து முடித்தேன். 'புட்டன்புரூக்ஸ்' என்பது அதன் பெயர். ஜெர்மனிக்காரரான தாமஸ் மன் என்பவர் எழுதி 1901-இல் வெளிவந்தது. அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கொடுத்தபோது, முக்கியமாய் இந்தப் புத்தகத்தை வைத்தே கொடுத்தார்கள்.

லூபெக் என்கிற துறைமுகப் பட்டணத்தில் தானிய வியாபாரம் செய்து பெருவாழ்வு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது. 1835-இல் ஆரம்பித்துச் சுமார் நாற்பது வருஷம் நடக்கிறது. பாட்டன், தகப்பன், மகன், பேரன் என்று நாலு தலைமுறை. பாட்டன் கெட்டிக்காரன். தகப்பன் பக்தியும் பணமும் சேர்ந்த மனிதன். மகன் தாமஸ் வெளியே விறைப்பும் உள்ளே சோர்வும் கொண்டவன். பேரன் ஹன்னோவோ பியானோ வாசிப்பதைத் தவிர வேறொன்றுக்கும் ஆகாத நோஞ்சான் பிள்ளை. தாமஸ் தன் உயிலில், தான் செத்த ஒரு வருஷத்துக்குள் கம்பெனியைக் கலைத்துவிட வேண்டும் என்று எழுதி வைத்துச் சாகிறான். பிறகு விஷஜுரத்தில் பேரனும் போகிறான். அத்தோடு குடும்பம் முடிந்தது என்று புத்தகம் முடிகிறது.

அந்த வீட்டில் ஒரு குடும்பப் புத்தகம் இருக்கிறது. நம் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் பூஜையறையில் வைத்து மஞ்சள் குங்குமம் தடவும் பழைய பேரேடு போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிறப்பு, கல்யாணம், சாவு, லாபம் எல்லாம் தலைமுறை தலைமுறையாய் எழுதப்பட்டு வருகிறது. அந்த வீட்டுப் பெண் டோனி என்பவள், கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமி ஒருவரின் மகனான, வைத்தியம் படிக்கிற ஒரு பையன் மேல் ஆசை வைக்கிறாள். தகப்பனாரோ ஹாம்பர்க்கு நகரத்து வியாபாரி ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறார். டோனியை யாரும் அடிக்கவில்லை, அறையில் பூட்டவில்லை. குடும்பம், கம்பெனி, முன்னோர், மரியாதை என்று பேசிப் பேசியே கரைத்துவிடுகிறார்கள். கடைசியில் ஒரு காலையில் அந்தக் குடும்பப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பெருமையில் மயங்கி, தானே பேனாவை எடுத்து, தனக்கும் அந்த ஹாம்பர்க்குக்காரனுக்கும் நிச்சயமாயிற்று என்று தன் கையாலேயே எழுதி வைத்துவிடுகிறாள்! அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகின்றேன்.

அந்த மாப்பிள்ளை யோக்கியன்தானா? பொய்க் கணக்கைக் காட்டி, சீதனப் பணத்தை வாங்கித் தன் கடனை அடைக்கக் கல்யாணம் செய்துகொண்ட பேர்வழி. சில வருஷத்தில் திவாலாகிறான். கணக்குப் பார்ப்பதிலேயே காலம் கழித்த தகப்பனார் அவன் கணக்கைப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தார் என்பது வேடிக்கை. டோனி குழந்தையோடு தாய் வீடு திரும்புகிறாள். அடுத்த கல்யாணமும் உருப்படவில்லை. அவள் மகளுக்கு வாய்த்த புருஷனும் மோசடிக்காகச் சிறைக்குப் போகிறான். இவ்வளவுக்கும் பிறகு அந்தக் குடும்பத்தில் கம்பெனியின் பெயரைச் சொன்னால் தலை நிமிர்ந்து உட்கார்கிற ஆள் யாரென்றால், அவள் ஒருத்திதான். ஆண்பிள்ளைகளில் ஒருவன் நாடகமும் வியாதியும் என்று திரிகிறான். இன்னொருவன் உள்ளூர நம்பிக்கை இழந்து போகிறான். சின்னப் பையன் குடும்பப் புத்தகத்தில் தன் பெயருக்குக் கீழே அளவுகோல் வைத்து இரட்டைக் கோடு போட்டுவிடுகிறான். இதற்குப் பிறகு எழுத ஒன்றும் வராது என்று நினைத்தானாம்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் எட்டு வயதுப் பெண்ணாய் உட்கார்ந்திருப்பவளும் டோனிதான். கடைசிப் பக்கத்தில் கிழவியாகப் போகிற வயதில் உட்கார்ந்திருப்பவளும் டோனிதான். அந்தக் கடைசிப் பக்கத்தில் அறை நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். டோனி இருக்கிறாள், அவள் மகள் இருக்கிறாள், இன்னும் உறவுப் பெண்கள் இருக்கிறார்கள். இத்தனை பேர் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது 'வாரிசு அற்றுப் போயிற்று' என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஆண் அற்றுப் போயிற்று என்பதுதானே அர்த்தம்? இந்த நாவலைப் பற்றிப் பெரிய படிப்பாளிகள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கலையுணர்ச்சி வளர வளர வியாபார புத்தி தேய்ந்தது என்கிறார்கள், உடம்பு மெலிந்தது என்கிறார்கள், தத்துவம் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஒரு கடையில் இரண்டு தராசு இருந்து, ஒன்றை ஆரம்ப முதல் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, மற்றொன்று உடைந்தவுடன் கடையை மூடினால், அதற்குத் தத்துவமா காரணம்?

டோனியிடம் கம்பெனியைக் கொடுத்திருந்தால் நன்றாய் நடத்தியிருப்பாளா என்று ஒருவர் கேட்கலாம். எனக்கும் சந்தேகம்தான். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நாட்டியமும் நாகரிகமும். தாமஸுக்குச் சிறுவயதிலேயே கணக்குப் பிள்ளையின் மேஜை. நீந்தக் கற்றுக் கொடுக்காமல் வைத்துவிட்டு, 'இவளுக்கு நீச்சல் தெரியாது, ஆகையால் ஆற்றில் பாத்தியமில்லை' என்பது நியாயமா? மன் இதையெல்லாம் நினைத்து எழுதினாரா, நினைக்காமல் எழுதினாரா என்பது நமக்கு வேண்டியதில்லை. அவருடைய சொந்தத் தகப்பனாரும் லூபெக்கில் தானிய வியாபாரிதான். 1891-இல் அவர் இறந்தபோது அவர் உயிலின்படியே கம்பெனி கலைக்கப்பட்டது. ஆகவே கண்ணால் கண்டதை ஒளிக்காமல் வரவு செலவு எழுதினார் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு நேராய் எழுதப்பட்டிருந்தால், அதைக் கூட்டிப் பார்க்க வேண்டியது வாசகன் வேலை.

இங்கிலாந்திலும் கால்ஸ்வொர்தி என்பவர் 'ஃபார்சைட்' என்கிற பணக்காரக் குடும்பத்தைப் பற்றி மூன்று பெரும் புத்தகம் எழுதி, 1932-இல் நோபல் பரிசு வாங்கினார். 1906-இல் வந்த முதல் புத்தகத்துக்கு 'சொத்துள்ள மனிதன்' என்கிற பொருளில் பெயர் வைத்தார். வீடு, பங்கு, படம் இவற்றோடு பெண்டாட்டியையும் ஒரு சொத்தாக எண்ணின மனிதனுடைய கதை அது. அதை நான் பாதிதான் படித்திருக்கிறேன். ஆகையால் அதிகம் பேசவில்லை.

நம் தமிழில் இப்படிப்பட்ட நாவல் எத்தனை? ராஜா ராணி கதை எழுத ஆயிரம் பேர் வருகிறார்கள். பேரேடு எழுதின குடும்பத்தின் கதையை எழுத ஆளில்லை. தூத்துக்குடிக் கடல் வியாபாரத்தையும் அங்குள்ள பரதவர் முதலிய சமூகத்தாரையும் பல தலைமுறைக்கு வைத்து ஜோ டி குரூஸ் 'கொற்கை' எழுதினார். 2009-இல் வந்தது, 2013-இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. அப்படி ஒன்று இரண்டைச் சொல்லலாம். பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்தவர்கள், கோயமுத்தூரில் பஞ்சாலை வைத்தவர்கள், சிவகாசியில் தீப்பெட்டி அடித்தவர்கள், கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை வாங்கி உருக்கிக் கம்பியாக்குகிறவர்கள் ஆகிய இவ்வளவு பேரிடமும் கதை இல்லையா? கதை இருக்கிறது, பத்திரப் பதிவு ஆபீசிலும் கோர்ட்டுக் கட்டிலும் தூங்குகிறது.

எழுதுகிறவர் இல்லாவிட்டாலும் நடக்கிற கதை நின்றுவிடுமா? ஊரறிந்த ஒன்றைப் பார்ப்போம். செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சேர்ந்த திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-இல் பர்மாவில் லேவாதேவி தொடங்கினார். ஜப்பான் யுத்தம் வந்து பர்மாச் சொத்தெல்லாம் மண்ணாய்ப் போவதற்கு முன்னாலேயே முதலை இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்த புத்திசாலிக் குடும்பம் அது. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழில். 1954-இல் திருவொற்றியூரில் சாணைக்கல் முதலிய தேய்ப்புச் சாமான் தொழில். 1955-இல் ஆவடியில் இரும்புக் குழாய்த் தொழில். அப்போது இந்த ஊர்களெல்லாம் செங்கற்பட்டு ஜில்லா. 1997-இல் திருவள்ளூர் தனி ஜில்லாவானபோது அதில் சேர்ந்தன. 2018-இல் அம்பத்தூரும் திருவொற்றியூரும் சென்னையோடு போய்விட்டன. நம்மில் எத்தனையோ பேருடைய தகப்பன்மார் அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். அங்கே செய்த சைக்கிளில் ஏறித்தான் கூட்டத்துக்குப் போனோம். ஆகவே இதை அந்நியர் வீட்டு வம்பு என்று யாரும் எண்ண வேண்டாம்.

அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில் எம்.வி. முருகப்பன் என்பவர் குழுமத்தின் தலைவராயிருந்தவர். 2017 செப்டம்பரில் இறந்தார். அவருக்கு இரண்டு பெண்கள், ஆண் இல்லை. மூத்தவர் வள்ளி அருணாசலம், அணுப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்று அமெரிக்காவில் இருப்பவர். குழுமத்துக்கெல்லாம் தாய்க் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்பதில் அந்தத் தாய்க்கும் இரண்டு மகள்களுக்குமாக நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேற்பட்ட பங்கு. பங்கு தகப்பன் வழியாய்க் கிடைத்தது. அதை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் டைரக்டர் ஸ்தானம் கொடுங்கள், இல்லாவிட்டால் பங்கை நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டார். 2020 ஜனவரியில் இது பத்திரிகைகளுக்கு வந்தது. 2020 செப்டம்பரில் கம்பெனிக் கூட்டத்தில் ஓட்டுக்கு விட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கு மேற்பட்ட ஓட்டு அவர் வேண்டாம் என்று விழுந்தது. மிச்சம் எட்டுச் சொச்சம். அவர்கள் மூன்று பேருடைய பங்கும் எவ்வளவு என்பதை மேலே சொன்னேன், கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் ராஜியாயிற்று.

பெண் என்பதற்காகவே ஒதுக்கப்பட்டேன் என்பது வள்ளி அருணாசலத்தின் பிராது. ஓட்டுப் போட்டவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பங்குதாரன் கை தூக்குவதற்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று சட்டமில்லை. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். இதே படிப்போடும் இதே பங்கோடும் அவருடைய தகப்பனாருக்கு ஒரு மகன் இருந்திருந்தால், அவன் உள்ளே வருவதற்கு ஓட்டெடுப்பு என்று ஒன்று நடந்திருக்குமா? நம் ஜில்லாவில் இருக்கிற எந்த 'அண்டு சன்ஸ்' முதலாளியாவது நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லட்டும்.

இந்த இடத்தில் சிலர் எழுந்து, 'டாபே டிராக்டர் கம்பெனியைப் பார்க்கவில்லையா?' என்று கேட்பார்கள். பார்த்திருக்கிறேன். சிவசைலத்தின் மகள் மல்லிகா சீனிவாசன் 1986-இல் அதில் சேர்ந்து, உலகத்திலேயே பெரிய டிராக்டர்க் கம்பெனிகளில் ஒன்றாக அதை ஆக்கினார். சந்தோஷம். ஆனால் 'பெண்ணும் நடத்தியிருக்கிறாளே' என்று நாற்பது வருஷமாய் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதே, அதற்கு என்ன சமாதானம்? 'ஆணும் நடத்தியிருக்கிறானே' என்று யாராவது பட்டியல் போடுகிறார்களா? அன்றியும் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் இருக்கிற ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெண் டைரக்டராவது இருக்க வேண்டும் என்று சொல்லிற்று. உடனே எத்தனையோ கம்பெனிகள் முதலாளியின் பெண்டாட்டியையும் தங்கையையும் கொண்டுவந்து உட்கார வைத்தன. உட்கார வைத்தது உட்காருவதற்கு. பேசுவதற்கா என்பது வேறு விஷயம்.

ஆண் வாரிசு என்கிற இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஜெர்மனிக்காரனுக்கு எங்கிருந்து வந்ததோ, நமக்கு வந்த வழி தெரிந்ததே. 'புத்' என்று ஒரு நரகம் உண்டாம்; அதிலிருந்து தகப்பனைத் தூக்கிவிடுகிறவன் ஆகையால் அவனுக்குப் 'புத்திரன்' என்று பெயராம்; மனுதர்மம் சொல்லுகிறது. இல்லாத நரகத்துக்கு ஏணி பிடிப்பதற்கு ஒரு பையன் வேண்டும் என்பதற்காக, இருக்கிற சொத்தை இருக்கிற பெண்ணுக்குக் கொடுக்காமல், ஊரான் வீட்டுப் பையனைச் சுவீகாரம் எடுத்து அவன் கையில் கொடுத்த குடும்பங்கள் எத்தனை! செட்டிநாட்டில் இதைப் 'பிள்ளை கூட்டுதல்' என்பார்கள். வீட்டில் பிள்ளை இருக்கும்போதே பிள்ளை கூட்டுவதென்றால், பெண்ணாய்ப் பிறந்தது பிள்ளைக் கணக்கிலேயே சேரவில்லை என்றுதானே பொருள்? இந்த நரகக் கதையோடு விஞ்ஞானேசுவரர் எழுதின மிதாட்சரமும் சேர்ந்துகொண்டது. பூர்வீகச் சொத்தில் ஆண் பிறக்கும்போதே பங்காளியாய்ப் பிறக்கிறான். பெண் விருந்தாளியாய்ப் பிறக்கிறாள் என்றது. வெள்ளைக்காரன் கோர்ட்டும் அதையே சட்டமென்று வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிற்று.

1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில் தோழர் டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, சொத்தில் பெண்ணுக்கு ஆணோடு சம பாத்தியம் வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது சிரித்தவர்கள் உண்டு. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டம் தகப்பன் உயிலில்லாமல் விட்டுப்போன சுயார்ஜிதத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. ஆனால் பூர்வீகக் கூட்டுச் சொத்தின் கதவைத் திறக்கவில்லை. அந்தக் கதவைத் தமிழ்நாட்டில் 1989 மார்ச்சில் கலைஞர் கருணாநிதியின் ஆட்சி திறந்தது. அப்போதும் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான பெண்கள் வெளியிலேயே நின்றார்கள். 2005-இல் டில்லிச் சட்டம் வந்து அந்த வேற்றுமையும் போயிற்று. அந்தச் சட்டம் வந்த நாளில் தகப்பன் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்கிற வழக்கையும் 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, 'வேண்டியதில்லை' என்று தீர்த்துவிட்டது. மாநாட்டிலிருந்து எண்ணினால் தொண்ணூற்றொரு வருஷம்!

சரி, சட்டம் வந்துவிட்டதே, பலகை ஏன் மாறவில்லை? ஏனென்றால் சட்டம் கொடுத்தது பங்கு. நாற்காலியை அது கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அது மட்டுமா? பங்கையே திரும்ப வாங்கிக்கொள்ளுவதற்கு நம் வீடுகளில் ஒரு காகிதம் இருக்கிறது. அதற்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். பெயரைப் பாருங்கள்! அக்காள் தங்கைகள் தங்கள் பாகத்தை அண்ணன் தம்பிகளுக்கு 'அன்பின் காரணமாக' விட்டுக்கொடுப்பதாய் எழுதிக் கையெழுத்துப் போடுகிற பத்திரம். குடும்பத்தாருக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை குறைவு. ஆகையால் காரியம் சுலபமாயும் மலிவாயும் முடிந்துவிடுகிறது.

இப்போது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றதற்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாயிருக்கிறது, இருந்தாலும், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் தன் கணக்கை மறைப்பது யோக்கியமல்ல.

சில வருஷத்துக்கு முன் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் எனக்கு வேண்டிய ஒரு பட்டறைக்காரர் இறந்துபோனார். நம் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டவர், நன்கொடை கொடுத்தவர், தன் மகளுக்குத் தாலியில்லாமல் கல்யாணம் செய்துவைத்தவர். இரண்டு ஆண், ஒரு பெண். ஆண்பிள்ளைகள் படித்துவிட்டு வெளியூரில் உத்தியோகம் பார்த்தார்கள். பெண் பட்டறையிலேயே இருந்து பதினான்கு வருஷம் கணக்கெழுதிற்று. எந்த மில்லுக்கு எவ்வளவு சரக்குப் போயிற்று, யார் பாக்கி, எந்த மெஷினுக்கு என்ன கோளாறு, ஜி.எஸ்.டி. என்றைக்குக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். தகப்பன் படுக்கையில் விழுந்த இரண்டு வருஷமும் சம்பளம் ஒரு மாதம் தவறவில்லை என்று அங்கே லேத்து ஓட்டின தொழிலாளி ஒருவரே என்னிடம் சொன்னார். உயில் எழுதாமல் இறந்தார். இடமும் கொட்டகையும் மெஷினும் அவர் பெயரில். தாயார், இரண்டு பையன்கள், பெண் ஆக நாலு பேர். சட்டப்படி பெண்ணுக்கு நாலில் ஒரு பாகம்.

பதினாறாம் நாள் கழிவதற்குள் விடுதலைப் பத்திரம் டைப் அடித்துத் தயாராகிவிட்டது. அண்ணன் தம்பிகள் சண்டை போடவில்லை, மிரட்டவில்லை. "உனக்கு என்ன குறை வைக்கப் போகிறோம்?" என்றார்கள். தாயார் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா வந்து நிக்க அம்மா வீட்டு வாசல் வேணாமா உனக்கு?" அவ்வளவுதான். நாலில் ஒரு பாகத்துக்கு விலை, பிறந்த வீட்டு வாசல்! புட்டன்புரூக்ஸ் வீட்டிலும் டோனியை இப்படித்தான் பேசிக் கரைத்தார்கள்.

பத்திரத்துக்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பங்காளி. மற்றவர் 'குடும்பத்துக்கு வேண்டிய பொதுமனிதர்' என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனச் சம்மதத்தோடு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. சார்பதிவாளர் வழக்கப்படி கேட்டார். அந்தப் பெண் தலையசைத்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்திரத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டி, சர்வே எண்ணில் ஒரு இலக்கம் தப்பாயிருப்பதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லிற்று. தன்னை வெளியே அனுப்புகிற பத்திரத்திலும் பிழை இருக்கக் கூடாது என்கிற கணக்குப்பிள்ளை புத்தி! பிறகு நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தது. நான் சொல்ல வேண்டியது என்ன என்பது எனக்குத் தெரியும். அந்த மாதம்தான் பக்கத்து ஊரில் பெண் சொத்துரிமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தேன். ஆனால் குடும்ப விஷயத்தில் தலையிடுவானேன், இறந்தவர் வீட்டில் கலகம் எதற்கு, பையன்களும் நம் பக்கத்தவர்கள்தானே என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு, ஆதார் நகலைக் கொடுத்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்தைப் போட்டேன். சாயங்காலம் கேசரியும் காப்பியும் கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

பையன்கள் இருவருக்கும் பட்டறை நடத்தத் தெரியவில்லை. அடுத்த வருஷமே இரண்டு மெஷின் விற்றாயிற்று. பிறகு கொட்டகையை வாடகைக்கு விட்டாயிற்று. 'அப்பாவோடு ராசி போயிற்று' என்று ஊரில் பேசிக்கொள்ளுகிறார்கள். 'குடும்பம் நொடித்துவிட்டது' என்கிறார்கள். அந்தப் பெண் இப்போது நாலு சின்னப் பட்டறைகளுக்கு மாதச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறது. அந்த நாலும் நன்றாய்த்தான் நடக்கின்றன. வழியில் என்னைப் பார்த்தால், "வாங்கண்ணா, சௌக்கியமா?" என்று எப்போதும்போல் கேட்கும். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசினதில்லை.

போன மாதம் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தோழர் போன் செய்தார். தகப்பனார் காலமாகிவிட்டார், தங்கைகள் இரண்டு பேரும் விடுதலை எழுதிக் கொடுக்கச் சம்மதம், புதன்கிழமை பதிவு, அண்ணன் வந்து சாட்சி போட வேண்டும் என்றார். நான் வருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். பத்திரத்தை நான் உரக்கப் படிப்பேன். எந்தச் சொத்தில் எவ்வளவு பாகம், இன்றைக்கு அதற்குச் சந்தை விலை என்ன என்பதையும் தங்கைகளிடம் தனியாய் உட்கார்ந்து சொல்லுவேன். கேட்ட பிறகும் சரி என்றால் போடுகிறேன் என்றேன். தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, நீங்க மேடையிலே பேசறது வேற, இது வேறண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார். புதன்கிழமை பதிவு நடந்துவிட்டதாகக் கேள்வி. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் டீக்கடையில் நிற்கிறவர்களில் இரண்டு சாட்சி கிடைப்பது ஒரு கஷ்டமுமில்லை.